ஒரு வில்லை கற்பூரம் எரியும் நேரம்

என் கணவர் தியாகேசன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. விசாரிக்க வருகிறவர்கள் அவருடைய கடைசி மூன்று மாதத்தைத்தான் கேட்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரி, என்ன மாத்திரை, கூட யார் இருந்தது. நானும் சொல்லிச் சொல்லி, அந்த மூன்று மாதம்தான் அவர் என்பது போல ஆகிவிட்டது. அது அவருக்குச் செய்யும் நியாயமில்லை. எனக்குச் சொல்லப் பிடித்தது 2005. அந்த வருஷம் ஆடியிலிருந்து மார்கழி வரை எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் தரையில் கால் வைத்து நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஆடிக் கிருத்திகைக்குச் சென்னையிலிருந்து வந்த என் தம்பி கணேஷ்ராம், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொருளை எடுத்து அவர் கையில் வைத்தான். வெள்ளி நிறம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், அகலத்தில் பாதி. ஒரு பக்கம் நகத்தளவு கண்ணாடி.

"இன்னாடா இது, லைட்டரா?"

"பாட்டு கேக்கறது பாவா. எம்பி த்ரீ பிளேயர். அறுபது பாட்டு கீது உள்ள."

"கேசட்டு எங்க போடறது?"

"கேசட்டே கெடையாது."

"சிடி?"

"அதுவும் கெடையாது."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "அப்ப பாட்டு எதுல கீது?"

கணேஷ்ராம் சிரித்துக்கொண்டே ஒயரைச் சொருகி, ஒரு குமிழை அவர் காதிலும் இன்னொன்றை என் காதிலும் வைத்து அழுத்தினான். நாதஸ்வரம். பக்கத்து அறையிலிருந்து வருவது போலக்கூட இல்லை, தலைக்குள்ளேயே யாரோ உட்கார்ந்து வாசிப்பது போல. அவர் "அய்யோ!" என்று கத்தியதில் அடுத்த வீட்டுத் தமயந்தி ஓடி வந்துவிட்டாள்.

"நான் பெருசா ஒண்ணு வாங்கிட்டேன். இது உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு மறுநாள் அவன் ரயிலேறிவிட்டான்.

திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலையில் பாய்லர் பக்கம் அவருக்கு வேலை. அரவை இல்லாத மாதங்களில் சீக்கிரம் வீடு திரும்புவார். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், "எங்க அது?" என்பார். நான் வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். மீந்த பட்டுத் துணியில் அதற்கு ஒரு பை தைத்துக் கயிறு கோத்துக் கொடுத்தேன். கழுத்தில் மாட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொள்வார். நான் தைக்கும்போது பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒரு குமிழை என் காதில் வைத்துவிடுவார். மிஷினை மிதிக்கும்போது என் தலை ஆடும், அவர் காதிலிருப்பது பிடுங்கிக்கொண்டு வரும். "ஆடாத, ஆடாத" என்பார். ஆடாமல் எப்படித் தைப்பது? பஜாருக்கும் அப்படியே போனோம், ஒன்றரை முழ ஒயரில் ஆளுக்கொரு காது.

"இன்னா ஜெயம், ரெண்டு பேரையும் ஒரே கயித்துல கட்டி உட்டுட்டாங்களா?" என்றாள் தமயந்தி.

"ஆமா, அவுத்துகினு ஓடிடப் போறாருன்னு" என்றேன்.

இருபது நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எதையோ அழுத்த, கண்ணாடியில் மைக் படம் ஒன்று வந்தது. கீழே விநாடி ஓடியது. அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. வழக்கம் போலப் பாடிக்கொண்டே ஷேவிங் செய்துகொண்டார். முடிந்த பிறகு மறுபடி அழுத்தி, காதில் வைத்தவர் அப்படியே நின்றார்.

"யாரு இந்த ஆளு?"

வாங்கிக் கேட்டேன். "நீங்கதான்."

"நானா? இப்டியா இழுக்கறேன்?"

"இப்டிதான்."

"பதினெட்டு வருசமா கூட கீற. சொல்லக் கூடாதா?"

"பச்சையப்பண்ணன் சொல்லிகினுதான கீறாரு."

இங்கே பச்சையப்பனைச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் தெருப் பஜனைக் குழுவின் தலைவர், தபால்காரர். கே.ஜி.கண்டிகை வரைக்கும் சைக்கிளில் போய்த் தபால் கொடுத்துவிட்டு மற்றவர்கள் சாப்பிட உட்காருவதற்குள் திரும்பிவிடுவார். அவருக்கு வேகமில்லாத எதுவும் பிடிக்காது.

வருஷக் கடைசி நாளில் எங்கள் ஊரில் படித் திருவிழா. மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி, படிக்கு ஒரு பாட்டு. காலையிலிருந்தே குழு குழுவாக ஏறுவார்கள். ஒவ்வொரு படியிலும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு வில்லை கற்பூரம் ஏற்ற வேண்டும். அது எரியும்போதே ஒருவர் ஒரு பாட்டைப் பாடி முடிக்க வேண்டும். கற்பூரம் அணைந்தால் பாட்டு எங்கே இருந்தாலும் சரி, "அரோகரா" சொல்லி அடுத்த படி. எரிகிற கற்பூரத்தைத் தாண்டிப் போகவும் கூடாது. பின்னால் நூறு குழு நிற்கும்போது இந்தக் கணக்கு இல்லாமல் யாரும் மலை ஏற முடியாது.

என் கணவருக்கு நல்ல குரல். ஆனால் பாட்டில் எங்கள் மலையின் பேரான 'தணிகை' என்ற சொல் வந்தால் அங்கேயே தங்கிவிடுவார். 2002இல் அவர் பாதிப் பாட்டில் இருக்கும்போதே கற்பூரம் அணைந்தது. 2003இலும் அதேதான். 2004இல் பச்சையப்பன் அவரிடமிருந்து படியைப் பிடுங்கிக்கொண்டு குங்குமப் பையைக் கொடுத்துவிட்டார்.

"தியாகு, நீ தணிகைன்னு ஆரம்பிச்சா நான் அரக்கோணம் போயி ஒரு டீ குட்ச்சிட்டு வந்துடலாம்பா" என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். ஆனால் அன்று முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் குங்குமம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், ஒரு மாதம் ஷேவிங் செய்யும்போதுகூடப் பாடவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஒரே யோசனை வந்தது. தட்டில் ஒரு கற்பூரத்தை வைத்தேன். பிளேயரில் ஏதோ ஒரு பாட்டை ஓடவிட்டு, கண்ணாடியில் விநாடியைப் பார்த்துக்கொண்டே ஏற்றினேன். அணையும்போது ஒன்று ஐம்பத்திரண்டு.

"வூட்டுக்குள்ள காத்து இல்ல. மலையில ஒண்ணரைதான் நிக்கும்" என்றார்.

பிறகு அவர் பாட்டைப் பதிவுசெய்து பார்த்தோம். மூன்று பன்னிரண்டு.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டு கற்பூரம் எரிந்து தீர்ந்த பிறகும் மனுஷன் தணிகையிலேயே நிற்கிறார்.

சுவரில் கடிகாரம் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஓடும் முள்ளைப் பார்ப்பதும், தான் பாடியதைத் தானே கேட்பதும் ஒன்றல்ல. ஒவ்வொரு நாளும் பாடுவார், கேட்பார், "இங்க பாரு, இங்கதான் தூங்கறான்" என்று யாரோ மூன்றாம் மனிதனைத் திட்டுவது போலத் திட்டுவார். மூன்று பன்னிரண்டு, இரண்டு ஐம்பதானது. பிறகு இரண்டு நாற்பத்தொன்று. ஆலையிலிருந்து வரும் பஸ்ஸிலேயே முணுமுணுத்துக்கொண்டு வந்து, வாசலில் செருப்பை விடும்போதே "இன்னிக்கு ரெண்டரை, பாத்துகினே இரு" என்பார். நான் அடுப்பைத் தணித்துவிட்டு ஓடி வருவேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல நாங்கள் மார்க்குக்கு அலைந்தோம். இடம் நிறைந்துவிடும் என்று அவர் ஒவ்வொரு பதிவையும் அன்றைக்கே அழித்துவிடுவார். அப்போது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இரண்டு பத்துக்கு வந்திருந்தபோது ஆயுத பூஜை வந்தது.

ஆலையில் பாய்லர் முதல் எடை மேடை வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது இவர்தான். இவர் வைத்தால் மிஷின் மக்கர் பண்ணாது என்று ஒரு பேர் உண்டு. வீட்டிலும் என் தையல் மிஷின், கத்தரிக்கோல், சைக்கிள், அருவாமனை, கியாஸ் அடுப்பு, டிவி என்று ஒன்று விடாமல் குழைத்த சந்தனமும் குங்குமமும் வைத்தார். கடைசியாகப் பிளேயரைப் பட்டுப் பையிலிருந்து எடுத்து, தலைமாட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று தாராளமாக வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தலைமாட்டில்தான் ஒயர் சொருகும் துளை. கீழே மைக் துளை.

மறுநாள் பூஜை கலைத்த பிறகு எடுத்தால் சந்தனம் சிமெண்டு மாதிரி காய்ந்திருந்தது. ஒயர் உள்ளே போகவில்லை. அவர் ஈர்க்குச்சியால் குத்தினார். சந்தனம் இன்னும் உள்ளே போனது, ஈர்க்கும் ஒடிந்து அதனுடனேயே நின்றுவிட்டது.

"சாமிக்கு வச்சது எப்டிமே கெடுக்கும்?" என்று கேட்டார். முகம் விழுந்துவிட்டது.

"சாமி கெடுக்கல. நீங்க ஓட்டையில வச்சீங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டதும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முக்தார் அகமது கடைக்கு இரண்டு பேரும் போனோம். முக்தார் பாய் ரேடியோ, டேப், செல்போன் எல்லாம் பார்ப்பார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பிளேயரை விளக்கடியில் பிடித்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"வாசனையா கீது" என்றார். "இன்னா சார், கல்யாணத்துக்கு இட்டுகினு போனீங்களா இத?"

"ஆயுத பூஜை, பாய்."

"நேத்தி நைட்லேர்ந்து இது ஏழாவது. ஒருத்தரு கால்குலேட்டர்ல சமம் போடற பட்டன் மேலயே பொட்டு வச்சிட்டாரு. ஒண்ணுமே கூட்ட மாட்டேங்குது. ஒருத்தரு செல்லுக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிட்டாரு." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "கலீம், அந்த ஸ்பிரிட்ட எடுறா."

"சரியாயிடுமா?" என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "இவருக்கு டிசம்பர்ல படி வேணும் பாய். இது இல்லாம கஷ்டம்."

"படியா?"

இவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கற்பூரம், ஒன்றரை நிமிஷம், இரண்டு பத்து. முக்தார் பாய் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இன்னும் நாப்பது செகண்டு குறையணும்" என்று அவரே கணக்குப் போட்டார். பிறகு மெல்லிய கம்பி நுனியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, காதில் அழுக்கெடுப்பது போல எடுத்தார். அரை மணி நேரம் ஆனது. ஈர்க்குத் துண்டு வந்தது. அதன் பின்னால் சந்தனம் கரைந்து வந்தது. ஒயரைச் சொருகித் தன் காதில் வைத்தார். முகம் மாறவில்லை. அப்புறம் அவர் தலை மெல்ல ஆட ஆரம்பித்தது.

"நாதஸ்வரம்" என்றார்.

கொடுக்கும்போது இரண்டு துளைக்கும் மேல் சின்னதாக டேப் வெட்டி ஒட்டிக் காட்டினார். "அடுத்த வருசம் பூஜைக்கு மின்னாடி இப்டி ஒட்டிடுங்க. அப்பறம் எவ்ளோ வேணா வைங்க. நாப்பது செகண்டு இன்னா ஆச்சுன்னு வந்து சொல்லணும், ஆமா."

கார்த்திகைக் கிருத்திகையன்று பச்சையப்பன் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் குழுவைக் கூட்டிப் படி பிரித்தார். என் கணவர் எழுந்து, "அண்ணே, எனக்கு ஒரு படி" என்றார். யாரோ பின்னால் இருந்து, "அரக்கோணம் டீக்கடைக்குச் சொல்லியனுப்பு" என்றார்கள்.

பச்சையப்பன் சிரிக்கவில்லை. ஒரு வில்லையை எடுத்துப் படிக்கல்லில் வைத்து ஏற்றினார். "பாடு" என்றார்.

பாடினார். தணிகை வந்தது. அங்கே நின்று பேசாமல் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு நடந்து போவது போலக் கடந்தார். முடித்தபோது நெருப்பு அரிசியளவுக்கு இருந்தது. யாரும் நம்பவில்லை. பச்சையப்பன் குனிந்து நெருப்பையே பார்த்தார்.

"இங்க காத்து இல்ல" என்றார். "மலையில கீது. நூத்தி பதினெட்டாம் படி உன்னுது. அணைஞ்சுதுன்னா அடுத்த வருசம் கேக்கக் கூடாது. எந்த வருசமும் கேக்கக் கூடாது. இன்னா?"

"ஆங்" என்றார் இவர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், தெருவில், எல்லோரும் பார்க்க.

டிசம்பர் முப்பத்தொன்று. காலை ஒன்பது மணிக்கே படி முழுக்க மஞ்சள் தண்ணீர் வழிந்தது. கீழேயும் மேலேயும் ஜால்ரா, ஆளாளுக்கு ஒரு ராகம். ஆலையில் ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்திருந்தார். கற்பூரம் ஏற்றுவது என் வேலை. பச்சையப்பன் வாங்கிக் கொடுத்த பாக்கெட்டு என் கூடையில் இருந்தது. என் முந்தானை முடிச்சில் வேறொன்று இருந்தது. பஜாரில் மூன்று கடை ஏறி இறங்கி, இருப்பதிலேயே தடித்த வில்லையாகப் பொறுக்கி வாங்கியது. இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். அவர் கழுத்துப் பையை என்னிடம் கழற்றிக் கொடுத்திருந்தார். "நீ செகண்டப் பாத்துகினே இரு. நான் உன் மூஞ்சியப் பாத்துக்கறேன்" என்றார்.

மூன்று குழுக்கள் சேர்ந்து ஏறியதால் நூற்றுப் பதினெட்டுக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது. காற்று ஒரே சீராக வீசிக்கொண்டிருந்தது. நூற்றுப் பதினேழாம் படியில் தமயந்தி பாடினாள். கற்பூரம் ஒன்றே கால் நிமிஷத்தில் போய்விட்டது. அவள் கடைசி அடியை ஏறக்குறைய ஓடியே முடித்தாள். மஞ்சள் பூசினேன், குங்குமம் வைத்தேன். முடிச்சை அவிழ்த்துத் தடித்த வில்லையை வைத்து ஏற்றினேன். பிளேயரில் பாட்டை ஓடவிட்டேன்.

அவர் ஆரம்பித்தார். எடுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, வீட்டில் பாடிய வேகம் இல்லை இது. அதைவிட வேகம். நாற்பது விநாடியில் பாதிப் பாட்டு போய்விட்டது. தணிகையில் கண்ணை மூடவேயில்லை, என்னையே பார்த்துக்கொண்டு தாண்டினார். ஒவ்வொரு அடிக்கும் நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கடைசிச் சொல் முடிந்தபோது கண்ணாடியில் ஒன்று ஒன்பது.

"ஒண்ணு ஒம்போது!" என்று கத்தினேன். யாருக்கும் என்னவென்று புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"அரோகரா" வரவில்லை. எல்லோரும் கீழே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கற்பூரம் பாதிகூட எரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் காற்று வேறு விழுந்துவிட்டது. கோயில் விளக்குப் போல நெருப்பு நிமிர்ந்து நின்றது. தாண்டக் கூடாது. பாட்டு முடிந்துவிட்டது. முப்பது பேரும் ஒரு படியில் சும்மா நின்றோம். பின்னால் இருந்த குழுவிலிருந்து, "இன்னாங்க, மேல ஏறுங்க!" என்று குரல் வந்தது.

பச்சையப்பன் நெருப்பைப் பார்த்தார். என் கூடையைப் பார்த்தார். அவிழ்ந்து தொங்கிய என் முந்தானையைப் பார்த்தார்.

"இன்னா ஜெயம்மா" என்றார் மெதுவாக. "எந்தக் கடைக் கற்பூரம் இது?"

நான் குங்குமத்தைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

"சரி, எரியுது. இன்னா பண்றது" என்றார். "தியாகு, இன்னொரு தபா பாடு."

"எப்டிண்ணே பாடறது?"

"எப்டின்னா? உன் இஸ்டத்துக்குப் பாடு."

என் கணவர் அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, எடுத்தார். அந்தப் பாட்டு அப்படி இருக்கும் என்று நாலு மாதமாக நாங்கள் மறந்தே போயிருந்தோம். ஒவ்வொரு சொல்லையும் கையில் வைத்துப் பார்த்துவிட்டு இறக்கினார். ஜால்ராக்காரர்கள் தானாகவே மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார்கள். பின்னால் கத்திய குழுகூட அடங்கிவிட்டது. தணிகை வந்தது. போனார், மலை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினார். அவர் அங்கே இருக்கும்போதே என் காலடியில் கற்பூரம் அணைந்தது. கறுப்பாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

நான் பச்சையப்பனைப் பார்த்தேன். அவரும் அந்தக் கறுப்பு வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை. என் கணவர் தணிகையிலிருந்து இறங்கி வந்து, மிச்ச அடியையும் முடித்து, கண்ணைத் திறக்கும் வரைக்கும் அந்தத் தபால்காரர் அசையாமல் நின்றார்.

"அரோகரா!" என்று அப்புறம்தான் போட்டார். நூறு படிக்குக் கீழே இருந்தவர்களும் திருப்பிச் சொன்னார்கள். என் கணவருக்கு முகமெல்லாம் தண்ணீர், வியர்வையா என்னவென்று தெரியவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தார். பிளேயரில் விநாடி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவைக்கு எத்தனை நிமிஷம் ஆனது என்று நான் பார்க்கவில்லை.

"போதும் போதும், நட, பொழுது போயிடும்" என்று பச்சையப்பன் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறினார். நூற்றுப் பத்தொன்பதாம் படி பச்சையப்பன் பாட வேண்டியது. நான் கூடைக்குள் கையைவிட்டு, இருப்பதிலேயே சின்ன வில்லையாகப் பார்த்து எடுத்தேன்.